அரசாங்கக் கேள்விப்பத்திரமும் சிறு வணிகரும்

ஒரு நாட்டில் பொருள் கொள்வோருள் தலையாயவர் யார் என வினவின், அந்நாட்டின் அரசாங்கமே என்பது விடையாகும். பாடசாலைக்கு மேசையும் கதிரையும், வைத்தியசாலைக்கு அரிசியும் மரக்கறியும், கந்தோருக்குக் காகிதமும் மையும், ஊருக்கு மதகும் வீதியும் ஆகிய இவையனைத்தும் எவரேனும் ஒருவரிடத்து விலைகொடுத்துப் பெறப்படுவனவே. அவ்விலை மக்கள் இறுத்த வரிப்பணத்திலிருந்து செல்வது. அப்பணத்தின் ஒரு கூறேனும் அவ்வவ்வூர்த் தச்சுப் பட்டறைக்கும் இரும்பு வேலைத்தலத்துக்கும் அச்சகத்துக்கும் சென்று சேருமாயின், அங்கே பத்துப் பேர் கூலி பெறுவர். அக்கூலி அவ்வூர்க் கடையிலேயே மீண்டும் செலவாகும். இங்ஙனமாகவும், சிறு வணிகர் பலர் கேள்விப்பத்திரம் என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே ஒதுங்கி நிற்கின்றனர். ‘அது பெருமுதலாளிகளுக்கு உரியது’ என்பர் சிலர். ‘ஆள் தெரியாமல் அலுவல் நடவாது’ என்பர் வேறு சிலர். இக்கூற்றுக்களில் உண்மை சிறிதும் இல்லையென்று கூறுதல் பொருந்தாது; ஆயினும் முழு உண்மையும் அவற்றில் இல்லை.

சிறு வணிகர் அரசாங்கக் கேள்வியில் தோற்பது இருவகைப்படும். ஒன்று, கேள்வி கிடையாமையால் தோற்றல். மற்றொன்று, கேள்வி கிடைத்தமையால் தோற்றல். முன்னையது பெரும்பாலும் தாளில் நேரும் குறைபாட்டால் விளைவது. பின்னையது விலையில் நேரும் பிழையால் விளைவது. முன்னையதில் ஒரு வாய்ப்பு மாத்திரமே போகும். பின்னையதில் முதலும் நற்பெயரும் ஒருங்கே போகும். ஆதலின் கேள்வியில் வெற்றி என்பது ஒப்பந்தத்தைக் கைப்பற்றுதல் அன்று. கைப்பற்றிய ஒப்பந்தத்தை நிறைவேற்றி, எஞ்சிய பொருளோடு வெளிவருதலே வெற்றியாம். இவ்விரண்டு தோல்விகளையும் தவிர்க்கும் வழி யாது என்பதை ஈழநாட்டு நடைமுறையை வைத்து ஈண்டு ஆராய்வாம்.

கேள்வி என்னும் முறை

பேச்சு வழக்கில் தெண்டர் எனவும் கொந்தராத்து எனவும் வழங்கும் சொற்கள் ஐரோப்பியர் ஆட்சியோடு இந்நாட்டுக்கு வந்தவை. அவ்வாட்சிக் காலத்தில் அரசாங்கம் தன் உரிமைகளை ஏலத்தில் கூறிக் குத்தகைக்கு விடுதல் பெருவழக்காயிருந்தது. சாராயக் குத்தகை அவற்றுள் பெயர்பெற்றது. ஏலத்தில் ஒருவர் கூறும் தொகையை அனைவரும் கேட்பர்; உயர்த்திக் கூறியவர் உரிமை பெறுவர். கேள்விப்பத்திரமோ இதற்கு மறுதலையானது. இங்கே அரசாங்கம் விற்பதன்று, கொள்வது. உயர்ந்த தொகை வெல்வதன்று, தாழ்ந்தது வெல்வது. ஒருவர் கூறிய விலையை மற்றவர் அறியாவண்ணம் உறையிலிட்டு இலச்சினை வைத்துச் சமர்ப்பிப்பது. குறித்த நாளில் குறித்த நேரத்தில் பெட்டியை மூடி, வந்தோர் முன்னிலையில் உறைகளைத் திறந்து விலைகளை வாசிப்பர். விலையை மறைத்தலும் பின்னர் வெளிப்படையாக வாசித்தலும் ஆகிய இவ்விரண்டுமே இம்முறையின் உயிர்நிலை எனலாம்.

இலங்கையில் இதற்கான விதிகள் 2006 ஆம் ஆண்டின் அரசாங்கப் பெறுகை வழிகாட்டியில் தொகுத்துக் கூறப்பட்டன. அரசியலமைப்பின் 19 ஆம் திருத்தம் 2015 இல் தேசிய பெறுகை ஆணைக்குழுவுக்கு இடமளித்தது. 2020 இல் 20 ஆம் திருத்தம் அதனை நீக்கிற்று. 2022 இல் 21 ஆம் திருத்தம் மீண்டும் நிலைநாட்டிற்று. அவ்வாணைக்குழு ஆக்கிய 2024 ஆம் ஆண்டின் வழிகாட்டி 2025 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வழிகாட்டி மாறினும் அடிப்படை மாறவில்லை. அறிவித்தல் யாவர்க்கும் தெரிய வேண்டும். நிபந்தனை யாவர்க்கும் ஒன்றாக வேண்டும். முன்னரே எழுதிவைத்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பனவே அவ்வடிப்படை.

இவ்விதிகள் சிறியோனை அலைக்கழிப்பதற்கென்றே ஆக்கப்பட்டவை என எண்ணுவோர் உளர். ஊன்றி நோக்கின் இவை சிறியோனுக்கு அரணாதல் புலப்படும். தனியார் ஒருவர் பொருள் வாங்குங்கால் தமக்கு விருப்பமானவரிடத்து வாங்கலாம், காரணம் கூறவேண்டியதில்லை. அரசாங்க அலுவலரோ காரணம் கூறக் கடமைப்பட்டவர். எழுதப்பட்ட நிபந்தனைகளை நிறைவு செய்த சிறு பட்டறையின் கேள்வியை, அது சிறு பட்டறையினது என்னும் ஒரே காரணத்தால் அவர் தள்ள முடியாது.

தாளின் நியாயம்

ஆயின் அதே விதி மறுபக்கமும் வெட்டும். ‘நல்ல வேலைக்காரன், ஒரு தாள்தானே குறைகின்றது’ என்று இரக்கங்காட்டவும் அலுவலருக்கு உரிமை இல்லை. அவருக்குப் பின்னே கணக்காய்வாளர் நிற்கின்றார். 2018 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம், அரசாங்கத்துக்கு இழப்பு விளைத்த அலுவலரிடமிருந்தே அவ்விழப்பை அறவிடுவதற்கு வழிசெய்தது. ஆகவே மதிப்பீட்டுக் குழு வேலைத்தலத்தைக் காண்பதற்கு முன்னர்த் தாளையே காண்கின்றது. தாளில் இல்லாத திறமை அக்குழுவுக்கு இல்லாத திறமையே.

இங்ஙனம் தாளால் நேரும் குறைகள் சிலவே. அவையே திரும்பத் திரும்ப நிகழ்வன. பிணைமுறியின் காலம் குறைந்திருத்தல் அவற்றுள் ஒன்று. கேள்வி 91 நாள் வலிதாயிருத்தல் வேண்டும், பிணைமுறி அதற்கு மேலும் 28 நாள் வலிதாயிருத்தல் வேண்டும் என ஆவணம் கூறின், பிணைமுறி 119 நாளைக்கு உரியதாதல் வேண்டும். வங்கியிற் சென்று நான்கு மாதத்துக்கு என வாய்மொழியாகக் கூறி, வந்த முறியை எண்ணிப் பாராமல் உறையிலிடுவோர், ஒருநாட் குறைவால் நிராகரிக்கப்படுதல் கூடும். ஆவணத்தில் தரப்பட்ட மாதிரிப் படிவத்தையே வங்கிக்குக் கொடுத்து, முடிவுத் திகதியைக் கையாற் கணக்கிட்டு ஒப்புநோக்குதல் வேண்டும். சில கேள்விகளில் முறிக்குப் பதிலாகக் கையொப்பமிட்ட பிரகடனம் ஒன்றே கேட்கப்படும். பணத்தை முடக்கிவைக்க இயலாத சிறு வணிகருக்கு அது பேருதவியாகும்.

1987 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கப் பகிரங்க ஒப்பந்தங்கள் சட்டத்தின்படி 50 இலட்சம் ரூபாவை விஞ்சும் ஒப்பந்தங்களுக்குக் கேள்வி இடுவோர், கம்பனிப் பதிவாளரிடத்தில் அதற்கெனப் பதிவு செய்தல் வேண்டும். இப்பதிவுச் சான்றிதழ் இன்மையும் நிராகரிப்புக்கு ஏதுவாகும். கட்டட வேலையாயின் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையின் தரப்பதிவும் கேட்கப்படும். ஒவ்வொரு தரத்துக்கும் ஏற்கத்தக்க வேலையின் பெறுமதிக்கு எல்லை உண்டு. தன் எல்லைக்கு மேற்பட்ட கேள்விக்கு விண்ணப்பித்தல் கட்டணத்தை இழத்தலன்றி வேறன்று.

எஞ்சியவை மிக எளியன, எளியனவாதலாலேயே மறக்கப்படுவன. ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பமும் முத்திரையும் இடல், மூலப்பிரதியையும் இணைப்பிரதியையும் வேறாக உறையிடல், உறையின் இடதுபக்க மேல்மூலையில் கேள்வியின் பெயரையும் இலக்கத்தையும் எழுதல், நேரத்துக்கு முன் சேர்த்தல் என்பன அவை. பெட்டி மூடிய பின் வந்த உறை திறவாமலே திருப்பப்படும். ஐந்து நிமிடத் தாமதமும் ஐந்து நாட்தாமதமும் அங்கே ஒன்றே. 2006 ஆம் ஆண்டின் வழிகாட்டி தேசியப் போட்டிக் கேள்விக்குக் குறைந்தது 21 நாள் அவகாசம் அளித்தது. எவ்வளவு அவகாசம் அளிப்பினும் அதனை முதல்நாளிலிருந்தே பயன்படுத்துவோர் சிலரே. வங்கி முறிக்கும் பதிவுச் சான்றிதழுக்கும் நாள் பிடிக்கும் ஆதலின், ஆவணத்தை வாங்கிய அன்றே நிபந்தனைகளை ஒரு தாளில் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தேடவேண்டிய சான்றை எழுதிவைத்தல் நன்று. ஐயமுள்ள இடத்தை எழுத்தில் வினவலாம். உரிய காலத்துள் வினவின் விடை எழுத்திலேயே வரும், ஏனைய கேள்விதாரருக்கும் அனுப்பப்படும். தொலைபேசியிற் பெற்ற விளக்கம் பின்னர்ச் சான்றாகாது.

சிறிதிலிருந்து தொடங்கல்

முதன்முறையாக இத்துறையில் இறங்குவோர் பெரிய கேள்வியைத் தேடிச் செல்லுதல் முறையன்று. ஆண்டிறுதியில் திணைக்களங்களும் பிரதேச சபைகளும் வைத்தியசாலைகளும் அடுத்த ஆண்டுக்கான வழங்குநரைப் பதிவு செய்யுமாறு பத்திரிகையில் அறிவிக்கும். சிறுதொகைக் கொள்வனவுகளுக்கு அப்பதிவேட்டில் உள்ளோரிடமிருந்தே கூறுவிலை அழைக்கப்படுதல் வழக்கம். இப்பதிவுக்குச் செலவு சிறிது, பயன் பெரிது. அரசாங்கத்தின் நிதியாண்டு சனவரி முதல் டிசெம்பர் வரையாதலாலும், செலவிடப்படாத ஒதுக்கீடு ஆண்டு முடிவில் திறைசேரிக்கு மீளுமாதலாலும், ஆண்டின் கடைக்காலில் கொள்வனவுகள் நெருங்கி வரும். இதனை முன்னரே அறிந்த வணிகர் அக்காலத்தில் மூலப்பொருளும் ஆளும் ஆயத்தமாக வைத்திருப்பர்.

சிறு வழங்கல் ஒன்றைக் குறித்த நாளில் முடித்து, பொருளை ஏற்றுக்கொண்டதற்கான கடிதத்தை வாங்கிக் கோவையில் வைத்தல் வேண்டும். அடுத்த கேள்வியில் முன்னனுபவம் கேட்கப்படும்போது அக்கடிதமே பேசும். பெருங் கொந்தராத்துக்காரரின் கீழ் ஒரு பகுதி வேலையை ஏற்றலும், தம்போன்ற இருவர் மூவர் கூட்டுச் சேர்ந்து கேள்வி இடலும் வேறு வழிகளாம். கூட்டாயின் யார் எவ்வளவுக்குப் பொறுப்பு என்பதை ஒப்பந்தம் கிடைக்குமுன்னரே எழுதிக்கொள்ளல் வேண்டும். கிடைத்தபின் எழுதப்படுவது பெரும்பாலும் வழக்கு மன்றத்திலேயே. சிறு குளத்துக் கட்டு, வாய்க்கால் முதலியவற்றின் திருத்தவேலை கமக்கார அமைப்புக்கும் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும் நேரே வழங்கப்படுதலும் உண்டு. ஊர்மக்கள் கணக்கெழுதவும் வேலையை நிருவகிக்கவும் பழகும் பயிற்சிக்களம் அது.

விலை என்னும் பொறி

இனி, இரண்டாவது தோல்வியைக் காண்போம். திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவை அரசனை நோக்கிக் கூறப்பட்டனவேனும், கேள்விக்கு விலை எழுத அமரும் வணிகனும் அந்நான்கையும் அவ்வரிசையிலேயே எண்ணத்தக்கவன். வரவும் செலவும் எஞ்சுவதும் யாவை? தன் முதலின் வலி எவ்வளவு? பணம் எப்போது கைக்கு வரும்? பொருளை எங்கே கொண்டு சேர்க்க வேண்டும்? இவற்றுள் மூன்றாவது வினாவே பெரும்பாலும் கேட்கப்படாமற் போவது.

எடுத்துக்காட்டாக, 200 தொகுதி மேசை கதிரைகளுக்குத் தச்சுப் பட்டறை ஒன்று தொகுதிக்கு 15,000 ரூபா வீதம் 30 இலட்சம் ரூபா விலை எழுதுவதாகக் கொள்வோம். மரம், இரும்பு, கூலி, வண்டிச்செலவு என்பன 26 இலட்சம். மேலோட்டமாக நோக்கின் இலாபம் 4 இலட்சம். ஆனால் வேலை முடிய இரண்டு மாதமும், பட்டியல் கொடுத்தபின் பணம் வர நான்கு மாதமும் செல்கின்றன என்க. இந்த 26 இலட்சமும் ஆறு மாதம் வெளியே நிற்கும். அது நூற்றுக்கு 18 வட்டிக் கடனாயின் வட்டி 2,34,000 ரூபா. செயலாற்றுகைப் பிணைக்காக ஒப்பந்தத் தொகையில் நூற்றுக்குப் பத்தாகிய 3 இலட்சம் ரூபா ஓராண்டு முடங்குமாயின் அதன் வட்டி 54,000 ரூபா. இரண்டையும் கழித்தால் இலாபம் 1,12,000 ரூபாவாகச் சுருங்கும்.

இப்பட்டறைக்காரர் எப்படியாயினும் வெல்ல வேண்டுமென்று விலையில் நூற்றுக்கு ஐந்தைக் குறைத்தார் என வைத்துக்கொள்வோம். விலை 28,50,000 ரூபா. மேலோட்டமான இலாபம் 2,50,000 ரூபா. கடன்வட்டி முன்போலவே 2,34,000. பிணையின் வட்டி 51,300. முடிவு 35,300 ரூபா நட்டம். கேள்வி திறந்த அன்று இவருடைய விலையே மிகக் குறைந்தது என வாசிக்கப்பட்டிருக்கும், அயலவர் பாராட்டியுமிருப்பர். ஆறு மாதம் இரவுபகலாக உழைத்துக் கூலியாட்களுக்கும் கொடுத்து, கையிலிருந்தும் கொடுத்தார் என்பது கணக்குப் புத்தகத்துக்கு மாத்திரமே தெரியும்.

வேலை ஒப்பந்தங்களில் இன்னுமொரு பகுதி உண்டு. ஒவ்வொரு கொடுப்பனவிலும் ஒரு பங்கு பிடித்துவைக்கப்படும். அதில் பாதி வேலை முடிந்ததும், மீதி குறைதிருத்தற் காலம் கழிந்ததும் விடுவிக்கப்படுதல் பெருவழக்கு. பல சிறு கொந்தராத்துகளில் இலாபம் முழுவதும் இப்பிடிப்புப் பணத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். வேலை முடிந்த பின்னரும் இலாபம் வரவில்லை என்று முறையிடுவோர், அது எங்கே நிற்கின்றது என்பதை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். இதற்கு மாறாக, ஒப்பந்தம் முற்பணம் பெற இடந்தருமாயின், உரிய பிணை கொடுத்து அதனைப் பெறுதல் கடன்வட்டியைக் குறைக்கும். முற்பணத்தைக் கேட்பது இழிவென்று கருதி விடுவோர் தம் உரிமையையே விடுகின்றனர்.

விலைவாசி மாற்றம் பிறிதோர் ஆபத்து. 2022 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 350 ரூபாவைத் தாண்டிற்று. 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் விற்ற 50 கிலோ சீமெந்துப் பை 2022 நடுப்பகுதியில் ஏறத்தாழ மும்மடங்காயிற்று. நிலையான விலைக்கு ஒப்புக்கொண்டோர் ஒவ்வொரு பை சீமெந்துக்கும் தம் கையிலிருந்து கொடுக்க நேர்ந்தது. விலைமாற்றத்துக்கு ஈடுசெய்யும் வாய்பாட்டைக் கொண்ட ஒப்பந்தங்களும் உண்டு. குறுங்கால ஒப்பந்தங்கள் பலவற்றில் அஃது இராது. அவ்வாய்பாடு உண்டா, இல்லையா என்பதைப் பார்த்த பின்னரே விலை எழுதல் வேண்டும். இல்லையாயின் வேலைக்காலத்தையும் விலையேற்றத்தையும் எண்ணி அதற்குரிய தொகையைச் சேர்த்தே எழுதல் வேண்டும். அங்ஙனம் சேர்த்தால் வெல்ல முடியாது எனின், அக்கேள்வியை விட்டுவிடுதலே அறிவுடைமை. விடத்தக்க கேள்வி எது என்பதை அறிந்தவனே இத்தொழிலில் நீடித்து நிற்பவன்.

எண்ணை எழுதும்போதும் விழிப்பு வேண்டும். அலகு விலையும் மொத்த விலையும் முரண்படின், பொதுவாக அலகு விலையே கொள்ளப்படும். எழுத்தும் இலக்கமும் முரண்படின் எழுத்தே கொள்ளப்படும். மேற்காட்டிய கேள்வியில் மொத்தம் 30 இலட்சம் எனச் சரியாக எழுதி, அலகு விலையை மாத்திரம் 14,500 எனக் கைதவறி எழுதினால், மொத்தம் 29 இலட்சமாகத் திருத்தப்படும். திருத்தத்தை ஏற்க மறுப்பின் கேள்வி நிராகரிக்கப்படுவதுடன் பிணைமுறியும் பறிபோதல் கூடும். ஒருவர் எழுதியதை மற்றொருவர் பெருக்கிப் பார்த்தல் ஒரு மணிநேர வேலை. ஓர் இலட்சம் ரூபாவைக் காக்கும் வேலை.

திறந்த பின்னர்

கேள்வி திறக்கும் வேளையில் நேரிற் சமுகமளித்தல் சிறு வணிகருக்கு இலவசப் பாடசாலை போன்றது. யார் யார் போட்டியிட்டனர், எவ்வெவ் விலை எழுதினர் என்பவற்றைக் குறித்துவைப்பவர் ஈராண்டில் தம் துறையின் விலைநிலையை நன்கறிவர். மிகக் குறைந்த விலை எழுதியவருக்கே எப்போதும் கிடைக்கும் என்று கருதுதல் தவறு. நிபந்தனைகளுக்கு முக்கியமானவற்றில் இணங்கிய கேள்விகளுள், மதிப்பீட்டின் பின் குறைந்ததாகக் காணப்படுவதே தெரிவு செய்யப்படுவது. ஆதலின் தாளில் நிறைவுள்ள இரண்டாம் விலை, தாளில் குறையுள்ள முதல் விலையை வெல்லுதல் உண்டு.

தோற்றவர் தோல்விக்குக் காரணத்தை எழுத்தில் வினவல் வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இதற்குத் துணைநிற்கும். வினவுதல் பகைத்தல் அன்று. அடுத்த கேள்வியைத் திருத்துதற்கு அதனினும் சிறந்த ஆசான் இல்லை. ‘ஆள் தெரியவேண்டும்’ என்னும் கூற்று சில இடங்களில் மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் காரணத்தை எழுத்தில் கேட்போர் பெருகப் பெருக, காரணமின்றித் தெரிவு செய்தல் அரிதாகும். கைக்கூலி கொடுத்து ஒப்பந்தம் பெறுவோர் 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றவாளிகளாவதோடு, அக்கைக்கூலியைப் பொருளின் தரத்திலேயே ஈடுசெய்ய வேண்டியவராகின்றனர். அதன் விளைவு இரண்டு ஆண்டில் ஆட்டங்காணும் கதிரையாகவும் ஒரு மாரியில் பெயரும் வீதியாகவும் ஊரார்முன் கிடக்கும்.

வென்றவருக்கும் எழுத்தே துணை. மேலதிக வேலையை வாய்மொழிக் கட்டளையில் செய்தவர், அதற்குப் பணம் கேட்கும்போது ‘கட்டளை எங்கே?’ என்னும் வினாவை எதிர்நோக்குவர். தாமதத்துக்கு மழையோ பொருட்பற்றாக்குறையோ காரணமாயின், காலநீடிப்பை அப்போதே கேட்டல் வேண்டும். காலம் கடந்தபின் தாமதத் தண்டமே எஞ்சும். பட்டியலோடு வழங்கற்சீட்டு, ஏற்றுக்கொண்ட சான்று, அளவீட்டுத்தாள் ஆகியவற்றை ஒருங்கே இணைத்துக் கொடுப்பின், கணக்குக் கிளையிலிருந்து திரும்பிவரும் ஓட்டம் ஒன்று மிச்சமாகும். அவ்வோட்டம் ஒரு மாத வட்டிக்குச் சமம் என்பது மேற்காட்டிய கணக்கால் விளங்கும்.

தொகுத்து நோக்கின், சிறு வணிகருக்கு வேண்டுவன இரண்டு நற்பழக்கங்கள். கேட்கப்பட்டதைக் கேட்கப்பட்டவாறே கொடுத்தல் ஒன்று. தாங்கத்தக்க விலையை எழுதி, தாங்கமுடியாத கேள்வியை விடுதல் மற்றொன்று. இவை பெருமுதலால் வருவன அல்ல. எண்ணும் எழுத்தும் அறிந்த எவரும் பயிலத்தக்கவை. ஊரிலே கணக்கறிந்த இளைஞர் பலர் வேலை தேடி நிற்கின்றனர்; கைத்திறன் மிக்க பட்டறைக்காரர் பலர் தாளுக்கு அஞ்சி நிற்கின்றனர். இவ்விருவரும் ஒரே மேசையில் அமர்வராயின், பாடசாலைப் பிள்ளைகள் அமரும் கதிரை அப்பாடசாலையின் அயலிலேயே செய்யப்படும்.